எலிக்குச் சீனி ஏற்றுவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாதவை

சீனி வியாதிக்கு மூலிகையைச் சோதிக்கிறேன் என்று தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக்காரி. தாவரவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, சிறுகுறிஞ்சான் இலையை எலிக்குக் கொடுத்துப் பார்த்து, ஒரு வழியாக முடித்து வெளியே வந்துவிட்டேன். நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடமும் ஒரு லட்சத்துக்கு மேல் பணமும் தேவையே இல்லாமல் போயின. அம்மாவின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. என் கைடு நல்ல மனிதர், ஆனால் அவர் காலமெல்லாம் வேலை பார்த்தது குளத்துப் பாசியில். எலியைக் கையால் தொட்டதே கிடையாது. எனக்கு முன்னால் எங்கள் துறையில் யாரும் இதைச் செய்ததும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் தனியாக முட்டி மோதித்தான் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டேன்.

முதலில் நான் எடுக்க நினைத்த செடி பொன்கொரண்டி. அதன் வேரில் சலாசினால், கோட்டலனால் என்று இரண்டு பொருள்கள் உண்டு. மாவுச்சத்தைக் குடலில் சீனியாக உடைக்கிற நொதியை அவை தடுக்கின்றன. இலங்கையில் அந்த இனத்துக் கட்டையில் குவளை கடைந்து, ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிற பழக்கம் இருக்கிறது. படிக்கும்போது ஆசையாக இருந்தது. ஆனால் வேரைத் தோண்டினால் செடி போச்சு. அதுவும் பாபநாசத்துக்கு மேலே உள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-லிருந்து அப்படி. உள்ளே ஓர் இலையைப் பறிக்கவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எங்கள் கல்லூரி அலுவலகத்தை விட்டு வெளியே போகவே இல்லை என்பது ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே முதலில் சொல்வது இதுதான்: வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில், காட்டுக்கு வெளியே வளர்கிற செடியாக எடுங்கள். வேர், பட்டை வேண்டாம். இலையோ பூவோ விதையோ என்றால் பறித்தாலும் செடி நிற்கும், தீர்ந்தால் மறுபடி போகலாம். மலையில் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புப் பெரியவர்களிடம் விவரம் கேட்டு அதை வைத்து வேலை செய்வதாக இருந்தால், அதற்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். 2002-ஆம் வருட உயிரியல் பல்வகைமைச் சட்டத்தை ஒரு தடவையாவது படித்துவிடுங்கள்.

ஆவாரையை எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அபிஷேகப்பட்டிப் பொட்டலெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற செடி, எடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று மட்டும் ஆய்வறிக்கையை ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். திருத்துகிறவருக்கு அதைப் பார்த்தாலே கண் கட்டுகிறது.

கடைசியில் சிறுகுறிஞ்சான் என்று முடிவானது. கைடு, “கடையில காய்ஞ்ச இலையா கிடைக்கும்மா, வாங்கி அரைச்சிரு” என்றார். ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய், “அண்ணாச்சி, இது சிறுகுறிஞ்சான்தானா?” என்று கேட்டேன். “நல்ல சரக்கு தாயி, எல்லாரும் வாங்கிட்டுப் போறாவ” என்றார். ஐந்து கிலோ. அதை அரைத்து, மெத்தனால் என்ற கரைப்பானில் சாறெடுத்து, சோதனைக் குழாய் வேலையெல்லாம் முடித்த பிறகு, செடியின் அடையாளச் சான்றிதழுக்காகப் பாளையங்கோட்டையில் வகைப்பாட்டியல் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் கொண்டுபோனேன். பொடியைப் பார்த்து யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மிச்சமிருந்த முழு இலைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு விரித்துக் காட்டினார். பாதிக்குப் பாதி வேறு இலை. அகலமாக, ரோமமே இல்லாமல் இருந்தன. பெருங்குறிஞ்சானாக இருக்கலாம் என்றார், அதையும் பூ இல்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். அதுவரை செய்த வேலை எல்லாம் குப்பை. வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன்.

அவரே ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். சிறுகுறிஞ்சான் பச்சிலை ஒன்றை நன்றாக மென்று, வாயை அலசிவிட்டு, ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வையுங்கள். மணலை மென்ற மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பு உணரும் இடங்களைக் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடுகின்றன. நான் மென்று பார்த்துவிட்டுக் கருப்பட்டியைக் கடித்தேன். கருப்பட்டியில் கசப்பும் புகைவாசமும் இருக்கும் என்பது இனிப்பு போன பிறகுதான் நாக்குக்குத் தெரிகிறது. இது வேலிச்செடியை முதலில் சலித்துப் பார்க்க நல்ல சோதனை. ஆனால் சான்றிதழ் ஆகாது. சான்றிதழுக்குப் பூவோடும் காயோடும் உள்ள கொடியைப் பறித்து, தாளில் அழுத்திக் காயவைத்து, பறித்த இடம், தேதி, உள்ளூர்ப் பெயர் எல்லாம் எழுதி ஒட்டி, ஓர் உலர்தாவரகத்தில் கொடுத்து எண் வாங்க வேண்டும். பாளையங்கோட்டையிலேயே முடியும், இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் உள்ள தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கு அனுப்பலாம். அந்த எண் இல்லாமல் இன்றைக்கு நல்ல ஆய்விதழ் எதுவும் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்காது. மாதிரியைக் கொடுத்து எண் கைக்கு வந்த பிறகுதான் அரவை மிஷின் பக்கமே போக வேண்டும்.

எவ்வளவு இலை வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஆறு எலி ஒரு குழு, எலி 200 கிராம், கிலோவுக்கு 400 மில்லிகிராம் அளவு என்றால் ஓர் எலிக்கு நாளைக்கு 80 மில்லிகிராம். ஆறு எலிக்கு 28 நாளைக்குப் பதின்மூன்றரை கிராம் உலர்ந்த சாறு. கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுக்கிற இன்னொரு குழுவுக்கு அதில் பாதி. ஆக இருபது கிராம். நச்சுச் சோதனை, குழாய்ச் சோதனை, கொட்டிப் போவது எல்லாம் சேர்த்து நாற்பது கிராம் என்று வையுங்கள். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு வந்தால் பெரிய விஷயம், ஆகவே அரைக் கிலோ பொடியாவது வேண்டும். பச்சை இலை அதைப்போலப் பல மடங்கு. இவ்வளவையும் ஒரே பருவத்தில், ஒரே இடத்தில் பறித்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி பறித்தால் அது வேறு சரக்கு. இலையின் சத்து பருவத்துக்குப் பருவம் மாறும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் பறிக்காதீர்கள். நம் ஊர் அடைமழையில் நிழலில் காயப்போட்ட இலை காயாது, பூசணம்தான் பூக்கும். பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அப்புறம் எலியின் ஈரல் நொதி ஏறியது இலையாலா பூசணத்தாலா என்று யாரால் சொல்ல முடியும்? மாசி பங்குனியில், தட்டுப்பந்தலுக்குக் கீழே, காற்றாடியைப் போட்டு உலர்த்தினேன். நொறுங்குகிற பதத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.

சாறெடுப்பதில் இரண்டே விஷயம். மெத்தனால் மலிவு என்று எல்லாரும் அதில்தான் எடுக்கிறோம். அது முழுக்கப் போனால்தான் எலிக்குக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது இலையை இல்லை, மெத்தனாலை. எடை இரண்டு நாள் மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். அப்புறம் ஜிம்னெமிக் அமிலங்கள் சபோனின் வகை, சோப்பு மாதிரி நுரைக்கும். கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கிற ரோட்டரி எவாப்பரேட்டரில் வெற்றிடம் கூட்டியதும் நுரைத்துக்கொண்டு மேலே ஏறி, குளிர்குழாய் வழியாக வழிந்து மறு குடுவைக்குள் போய்விடும். குடுவையில் கால் பங்குக்கு மேல் ஊற்றாமல், வெற்றிடத்தை மெல்லக் கூட்டினால் அடங்கும்.

குழாய்ச் சோதனையைப் பற்றி நீட்டிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதிலேயே மயங்கிவிடுகிறார்கள். மாவுச்சத்தைச் சீனியாக உடைக்கிற ஆல்பா குளுக்கோசிடேஸ் நொதியை என் சாறு, அதைத் தடுக்கவே கொடுக்கிற அகார்போஸ் என்ற சீனி மருந்தைவிடப் பலமாகத் தடுக்கிறது என்று பிரமாதமாக ஒரு வரைபடம் வரும். எனக்கும் வந்தது, கைடு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பிறகு வேறோர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் போனில் கேட்டார், “நொதி எதுலேர்ந்து எடுத்தது?” ஈஸ்ட். மலிவாகக் கிடைப்பது அதுதான். ஈஸ்ட் நொதியை அகார்போஸே சரியாகத் தடுக்காது. அது பாலூட்டிகளின் குடல் நொதிக்குத்தான் பலமான மருந்து. ஓட முடியாதவனோடு ஓடி முதலில் வந்திருக்கிறேன். எலிக்குடல் நொதியில் திரும்பச் செய்தபோது வரைபடம் பாதியாகச் சரிந்தது. ஆவாரம்பட்டை எடுக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அந்தப் பட்டையைத் தோல் பதனிட வைத்திருந்ததே அதிலுள்ள துவர்ப்புப் பொருளுக்காகத்தான். தோலின் புரதத்தைப் பிடிக்கிற டானின் உங்கள் நொதியின் புரதத்தையும் பிடிக்கும். எந்த நொதியைக் கொடுத்தாலும் தடுத்ததாகவே காட்டும். டானினை நீக்கிவிட்டும் ஒரு தடவை பாருங்கள். சாற்றின் நிறமே கருவியில் அளவாக விழும் என்பதால், நொதி சேர்க்காத சாறு ஒன்றைத் தனியாக அளந்து கழிப்பதையும் விடக்கூடாது.

சரி, எலிக்கு வருவோம். எங்கள் கல்லூரியில் விலங்கு இல்லம் கிடையாது. தூரத்தில் ஒரு மருந்தியல் கல்லூரியில் பணம் கட்டிச் செய்ய ஏற்பாடானது. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூட வாங்க முடியாது. வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட உறுப்பினர் வந்தால்தான் கூட்டம் நடக்கும், அவர் வராமல் தள்ளிப்போனால் உங்கள் வருடமும் தள்ளிப்போகும். எனக்கு அப்படித்தான் போனது. ஆகவே தலைப்பு உறுதியான அன்றைக்கே அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி மற்ற வேலையை அமைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் எலி எண்ணிக்கை எழுதும்போது ஐந்து குழுவுக்கு ஆறு வீதம் முப்பது என்று மட்டும் எழுதாதீர்கள். சீனி ஏற்றும்போது சில எலி சாகும், சிலதுக்குச் சீனி ஏறவே ஏறாது. ஒப்புதல் கிடைத்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் எலிகூட எடுக்க முடியாது. காரணத்தை எழுதி எட்டுப் பத்து கூடக் கேளுங்கள், கொடுப்பார்கள். என் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் முப்பது என்றே போட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு வரி எனக்கு இன்னொரு கூட்டம்வரை காத்திருக்கும் தண்டனையைக் கொடுத்தது.

எலிக்குச் சீனி வரவழைப்பது ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியால். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களைத் தேடிப்பிடித்து அழிக்கும். வெளிர் மஞ்சள் தூள், மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டிய சரக்கு. எனக்கு அனுப்பியவர்கள் பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் கூரியரில் போட்டுவிட்டார்கள். பெட்டி வந்து சேரும்போது ஐஸ் பொட்டலம் தொளதொளவென்று வெந்நீர்ப் பை மாதிரி ஆகிவிட்டிருந்தது. திருப்பி அனுப்புகிறேன் என்றேன், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்” என்று பதில். ஊசி போட்டு மூன்றாம் நாள் வாலில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 95, 102, 110. ஆரோக்கியமான எலிகள்! ஊசிபட்ட எலியை மறுபடி புது எலியாகக் கணக்கில் எடுக்க முடியாது. பதினைந்தாயிரம் ரூபாய் பக்கம் மருந்து, அதற்கு மேல் எலி, தீவனம், இல்லத்து வாடகை, எல்லாம் போயிற்று. முப்பது எலிக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்கில் 300 மில்லிகிராம்தான் வேண்டும். ஒரு கிராம் பாட்டில் வாங்காதீர்கள். சிறிய குப்பிகளாக வாங்குங்கள், அல்லது அதே வாரத்தில் ஊசி போடப் போகிற இன்னொருவரைப் பிடித்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை ஒட்டிய வாரத்தில் வரவழைக்கவே வேண்டாம். நிறம் பழுப்பாக இருந்தால் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். பி.எச். 4.5 உள்ள சிட்ரேட் கரைசலை ஐஸில் வைத்து, அதில் மருந்தைக் கலக்கிய பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும். ஐந்தைந்து எலிக்காகப் பிரித்துக் கலக்குவதுதான் நல்லது. மனிதருக்கும் ஆகாத மருந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பமாக இருக்கிற பெண்கள் அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது.

அடுத்த தடவை மருந்து நன்றாக இருந்தது. அதுதான் வினையாகவும் போனது. மாலை ஐந்து மணிக்கு விலங்கு இல்லத்தைப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள், போனேன். மறுநாள் வெள்ளனப் போய்த் திறந்தால் ஒரு கூண்டில் மூன்று எலி விறைத்துக் கிடக்கின்றன. அடுத்த கூண்டில் ஒன்று உயிரோடு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டிருந்தது. சீனி பார்த்தேன், 28. சீனி ஏற்ற ஊசி போட்ட எலிக்கு 28! கருவிதான் கெட்டுவிட்டது என்று என் விரலில் குத்திப் பார்த்தேன், எனக்குச் சரியாகக் காட்டியது. சாயங்காலம் வேறு கல்லூரியில் விலங்கு இல்லம் பார்த்துக்கொள்ளும் ஒரு அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்டதே, “ராத்திரி குளுக்கோஸ் தண்ணி வச்சியளாக்கா?” என்பதுதான். வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அந்த இல்லத்தில் எழுதி ஒட்டியிருந்த குறிப்பிலும் அது இல்லை.

விஷயம் இதுதான். பீட்டா செல்கள் சாகும்போது உள்ளே சேர்த்து வைத்திருந்த இன்சுலினை மொத்தமாகக் கொட்டிவிடும். முதலில் கொஞ்சம் சீனி ஏறி, சில மணி நேரத்தில் தடாலென்று இறங்கி, அதற்கு அப்புறம்தான் நிலையாக ஏறும். நடுவில் உள்ள அந்த இறக்கத்தில்தான் எலி சாகிறது. ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி குடிநீர்ப் புட்டியில் ஐந்து சதவீத குளுக்கோஸ் வைத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரு ராத்திரி, சில ரூபாய் குளுக்கோஸ் பொடி. முடிந்தால் அன்றைக்கு அங்கேயே தங்க அனுமதி வாங்குங்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் என்பதால் தங்க விடமாட்டார்கள். அப்படியானால் இரவுக் காவலரிடம் புட்டியை மாத்திரமாவது பார்க்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

சீனி ஏறிய எலியைப் பராமரிப்பது தனி வேலை. ஒரே ராத்திரியில் புட்டியைக் காலி செய்யும், காலையில் கூண்டில் விரித்த உமி முழுக்கச் சொதசொதவென்று நனைந்து, அமோனியா நெடி கண்ணில் ஏறும். மற்ற எலிக்கு வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிற உமியை இவற்றுக்குத் தினம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதத்தில் புண் வரும், எடை குறைந்தது சீனியாலா புண்ணாலா என்று தெரியாமல் போகும். வாயில் குழாய் விட்டுச் சாறு கொடுப்பதை முதலில் வெறும் தண்ணீரில், கைதேர்ந்தவர் பக்கத்தில் நிற்கப் பழகுங்கள், மூச்சுக்குழலில் போனால் அந்த இடத்திலேயே போய்விடும். ரத்தம் எடுக்கும் நேரம், பட்டினி போடும் நேரம் இரண்டும் ஒவ்வொரு வாரமும் ஒன்றாக இருக்கட்டும். முப்பது எலிக்கு ஐந்து தடவை பார்த்தால் 150 ஸ்ட்ரிப், குளுக்கோஸ் கொடுத்துவிட்டுச் சீனி எப்படி இறங்குகிறது என்று பார்க்கிற தாங்குதிறன் சோதனைக்கு இன்னொரு 150, வீணாவதற்குக் கொஞ்சம். மொத்தத்தையும் ஒரே தயாரிப்பு எண்ணில் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகள் 600-க்கு மேல் எண்ணைக் காட்டாது, ‘ஹை’ என்று மட்டும் வரும். அதை 600 என்று எழுதிச் சராசரி போடக்கூடாது. இன்சுலின் அளக்கும் கிட் எலிக்கானதா என்று பார்த்து வாங்குங்கள், மனிதருக்கானதை வைத்து அளந்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் இலை வேலை செய்தது. 400 மில்லிகிராம் குழுவில் சீனி முன்னூறுக்கு மேலிருந்து நூற்றெழுபது பக்கம் இறங்கியது, எடையும் குறையாமல் நின்றது. இந்தச் செய்தி வீட்டுக்கு எப்படிப் போனதோ, பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். “ஏம்மா, ரெண்டு வேளை மாத்திரைய விட்டுட்டு இந்தப் பொடியச் சாப்பிடட்டுமா?” அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். எலி அளவை மனித அளவாக்க ஏறக்குறைய 6.2-ஆல் வகுப்பார்கள். 400-ஐ வகுத்தால் கிலோவுக்கு 65 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு கிராம் சாறு, அதாவது காய்ந்த இலை நாற்பது கிராம் பக்கம். “நாப்பது கிராமா! மாடுதான் திங்கும்” என்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகைச் சீனி வியாதிக்காரர்கள் 22 பேருக்கு, மாத்திரையோடு சேர்த்து, நாளைக்கு மொத்தமே 400 மில்லிகிராம் சாற்றை 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். ஐந்து பேரால் மாத்திரையை விட முடிந்தது. கவனியுங்கள், கிலோவுக்கு 400 இல்லை, ஆளுக்கு 400. நம் எலி வேலை மனிதரின் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்த ஆய்வும் சிறியதுதான், மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது. கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர் தானாக இலைப்பொடியையும் சேர்த்தால் சீனி தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்பு இருக்கிறது. அந்த 28-ஐ நேரில் பார்த்தவள் நான். பெரியப்பாவுக்குப் பொடி கொடுக்கவில்லை, அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அம்மா மெட்பார்மின்தான் சாப்பிடுகிறாள். அந்த மருந்தே ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை ஆராய்ந்ததன் வழியில் வந்தது என்று சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம், “அப்ப நானும் மூலிகதான் சாப்பிடுதேன்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சீனியை மட்டும் அளந்துவிட்டு நிற்காதீர்கள். நம் வீட்டு முற்றத்தில் நிற்கிற நித்தியகல்யாணியை ஐம்பதுகளில் கனடாவில் சீனி வியாதிக்குத்தான் சோதித்தார்கள், ஜமைக்காவில் அந்த இலையைக் கஷாயம் போட்டுக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு. வாய்வழி கொடுத்தபோது சீனி இறங்கவில்லை. ஊசியில் செலுத்தியபோது எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் செத்தன என்று தோண்டிப் பார்த்தபோது வெள்ளணுக்கள் சரிந்திருந்தது தெரிந்தது. அதிலிருந்து வந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. ரத்த அணு எண்ணிக்கை, ஈரல், சிறுநீரக அளவுகள் எல்லாவற்றையும் உங்கள் திட்டத்தில் முதலிலேயே எழுதுங்கள். செத்த எலியைத் தூக்கி எறியாமல் திறந்து பாருங்கள்.

வாய்மொழித் தேர்வில் என்னைத் திணறடித்த கேள்வி இது: “உங்கள் ஒப்பீட்டு மருந்து கிளிபென்கிளமைடு. அது பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலினை வெளியேற்றும் மருந்து. ஸ்ட்ரெப்டோசோடோசின் பீட்டா செல்லைக் கொன்றுவிட்டதென்றால், அது எதைத் தூண்டியது?” நல்லவேளை, இதற்கான விளக்கத்தை முந்தின வாரம்தான் மறுபடி படித்திருந்தேன். ஊசிக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் நிகோடினமைடு என்ற வைட்டமினைக் கொடுத்தால் ஒரு பகுதிச் செல்கள் பிழைத்துக்கொள்ளும், இரண்டாம் வகை நோய்க்குப் பக்கத்தில் வரும். 1998-இல் இத்தாலியில் உருவாக்கிய முறை அது. நான் அப்படித்தான் செய்திருந்தேன். அதைச் செய்யாமல் கிளிபென்கிளமைடு குழுவில் சீனி இறங்கியதென்று காட்டுகிறவர்கள், பிழைத்த செல் எவ்வளவு என்று கணையத் திசுவைக் காட்டத் தயாராக வாருங்கள்.

அந்தத் திசுவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். சிலைடு தயாரித்துக் கொடுக்கும் ஆய்வகங்கள் படத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டைகளைச் சில மாதத்தில் எறிந்துவிடும். பணம் கட்டும்போதே கட்டைகள் எனக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றே நாளில் அச்சேற்றித் தருகிறோம், பணம் அனுப்புங்கள் என்று வருகிற இதழ்களைத் தவிர்த்து நல்ல இதழுக்கு அனுப்பினால், திருத்துகிறவர் கட்டாயம் இன்னொரு சாயம் போட்ட படம் கேட்பார். என்னிடம் கேட்டது பட்டம் வாங்கி வெகு நாள் கழித்து. கட்டைகள் வீட்டு அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன. மறுபடி எலி, ஊசி, கூட்டம் எதுவும் இல்லாமல் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயில் வேலை முடிந்தது.